கை தூக்குவதற்கு முன்: நகர்மன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி மன்றங்களின் உறுப்பினர்களுக்கு,



குப்பை அள்ளுவதையும் தெரு பெருக்குவதையும் தனியார் நிறுவனத்திடம் ஒப்படைக்கும் தீர்மானம் உங்கள் மன்றத்துக்கு ஏற்கெனவே வந்து போயிருக்கலாம். வராதிருந்தால் சீக்கிரம் வரும். அது எப்படி வரும் என்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஐம்பது அறுபது பொருள்கள் கொண்ட அஜெண்டாவில், தெருவிளக்குக்கும் பூங்கா பராமரிப்புக்கும் நடுவே ஓர் எண்ணாக இருக்கும். டெண்டர் ஆவணம் ஆங்கிலத்தில் நூற்றுக்கணக்கான பக்கம். உங்கள் மேசைக்கு வருவது சில பக்கக் குறிப்பு. நேரமாகிவிட்டது என்று கடைசியில் எல்லாப் பொருள்களும் சேர்த்தே நிறைவேறும். அந்தக் குறிப்பில் இரண்டு உறுதிமொழிகள் தவறாமல் இருக்கும். ஊர் சுத்தமாகும். மன்றத்துக்குச் செலவு குறையும்.

இரண்டாவது உறுதிமொழியைப் பற்றித்தான் இந்த மடல். குறையும் செலவு யாருடைய கையிலிருந்து பிடிக்கப்படுகிறது என்று கேளுங்கள். பதில் எழுத்தில் வரும்வரை கை தூக்காதீர்கள். நான் உங்களிடம் வேண்டுவது இவ்வளவுதான்.

தெரு பெருக்கும் வேலையில் செலவின் பெரும்பகுதி ஆள் கூலி. துடைப்பம், வாளி, தள்ளுவண்டி, பேட்டரி வண்டி எல்லாம் அதற்குப் பிறகுதான். ஒரு பாலம் கட்டும் ஒப்பந்தத்தில் புதிய இயந்திரமோ நல்ல வடிவமைப்போ செலவைக் குறைக்க முடியும். ஒரு தெருவைப் பெருக்குவதில் அப்படி எந்த வித்தையும் இல்லை. குனிந்து பெருக்கி, கூட்டி, அள்ளி, தள்ளிக்கொண்டு போக வேண்டும். அதே தெருக்களை, அதே நேரத்தில், அதே அளவு சுத்தமாக, நிறுவனம் தனக்கு லாபமும் வைத்துக்கொண்டு, மன்றம் செய்வதைவிடக் குறைந்த பணத்தில் செய்து தருகிறேன் என்கிறது என்றால், அந்த வித்தியாசம் மூன்று இடங்களிலிருந்துதான் வர முடியும். ஒரு ஆளுக்குக் கொடுக்கும் சம்பளம் குறைய வேண்டும். அல்லது ஆட்களின் எண்ணிக்கை குறைய வேண்டும். அல்லது வேலை குறைய வேண்டும். உங்கள் ஆணையர் வைக்கும் குறிப்பில் இந்த மூன்றில் எது என்று எழுதியிருக்காது. கேட்டால்தான் தெரியும்.

சென்னையில் 2025இல் நடந்ததை நீங்கள் எல்லோரும் செய்தியில் பார்த்தீர்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய இரண்டு மண்டலங்களின் தூய்மைப் பணி தனியாருக்குப் போனது. அங்கே பல ஆண்டுகளாக, தேசிய நகர்ப்புற வாழ்வாதாரத் திட்டத்தின் கீழ் சுய உதவிக்குழுக்கள் வழியாக வேலை பார்த்து வந்தவர்கள் ஏறத்தாழ 2,000 பேர். அவர்கள் வாங்கிக்கொண்டிருந்தது மாதம் 23,000 ரூபாயை ஒட்டிய தொகை. நிறுவனத்துக்குப் போனால் கைக்கு வருவது 16,000, 17,000தான் என்றார்கள். வருங்கால வைப்பு நிதி, இ.எஸ்.ஐ., போனஸ் எல்லாம் உண்டு என்று மாநகராட்சித் தரப்பு சொன்னது. இருக்கலாம். ஆனால் மாத வாடகையும் பள்ளிக் கட்டணமும் கைக்கு வரும் பணத்தில்தான் கட்டப்படுகின்றன. ஆளுக்கு 6,000 ரூபாய் குறைந்தால் 2,000 பேருக்கு மாதம் 1.2 கோடி. ஆண்டுக்கு 14.4 கோடி. நகரத்திலேயே குறைவாகச் சம்பாதிப்பவர்களின் வீட்டிலிருந்து, ஆண்டுக்கு 14.4 கோடி ரூபாய்!

ஆகஸ்ட் 1ஆம் தேதி தொடங்கி அவர்கள் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகைக்கு வெளியே நடைபாதையில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். வெயிலிலும் மழையிலும் 13 நாள் அங்கேயே இருந்தார்கள். நடைபாதையை விட்டு அகற்ற வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னபின், 13ஆம் தேதி நள்ளிரவில் போலீஸார் அவர்களைத் தூக்கி வண்டிகளில் ஏற்றினார்கள். மறுநாள் அரசு, தூய்மைப் பணியாளர்களுக்குக் காலை உணவு உள்ளிட்ட நலத்திட்டங்களை அறிவித்தது. காலை உணவு நல்ல திட்டம்; அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அவர்கள் கேட்டது வேறு. தொடர்ந்து வந்த உயர் நீதிமன்றத் தீர்ப்பு, பணியைத் தனியாருக்குக் கொடுத்த மாமன்றத் தீர்மானத்தை ரத்து செய்ய மறுத்தது. அதே தீர்ப்பு, அவர்கள் கடைசியாக வாங்கிய ஊதியம் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னது.

அந்த இரண்டாவது பகுதியைக் கவனியுங்கள். பழைய ஊதியம் குறையக் கூடாது என்ற ஒரு வரி, டெண்டர் ஆவணத்தில் முதல் நாளே இருந்திருக்க வேண்டியது. அதை எழுத வேண்டியவர்கள் மன்றத்தில் இருப்பவர்கள். எழுதாமல் விட்டதால் ஒரு தொழிலாளி நடைபாதையில் படுத்து, கைதாகி, நீதிமன்றப் படியேறி வாங்க வேண்டியதாயிற்று.

பிரிட்டனில் இதற்குச் சட்டமே இருக்கிறது. 1981இல் கொண்டுவந்து 2006இல் புதுப்பித்த விதிகளின்படி, ஒரு வேலை ஒரு முதலாளியிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறினால், அந்த வேலையைச் செய்தவர்களும் அவர்களுடைய ஊதியமும் பணி நிபந்தனைகளும் கூடவே போக வேண்டும். அதே நாடுதான் 1988இல், குப்பை அள்ளுவதையும் தெரு பெருக்குவதையும் உள்ளாட்சிகள் கட்டாயம் போட்டி டெண்டருக்கு விட வேண்டும் என்று சட்டம் போட்டது. 2000இல் அந்தக் கட்டாயத்தைக் கைவிட்டது. டெண்டரைக் கட்டாயமாக்கிய நாட்டிலேயே ஊதியத்துக்கு ஒரு காப்பு இருந்தது. நம்மிடம் அப்படிப்பட்ட பொதுச் சட்டம் இல்லை. ஆகவே உங்கள் ஒப்பந்தத்தில் அது இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

இனி பணம் எதை அளந்து கொடுக்கப்படுகிறது என்ற விஷயத்துக்கு வருகிறேன். இதில் சென்னைக்கு இருபத்தைந்து ஆண்டு அனுபவம் இருக்கிறது; மற்ற ஊர்கள் அதைப் படிக்காமலே புதிதாகத் தொடங்குகின்றன. 2000இல் ஓனிக்ஸ் என்ற தனியார் நிறுவனம் வந்தது. 2007இல் நீல் மெட்டல் ஃபனால்கா. 2012இல் ராம்கி. 2020இல் உர்பேசர் சுமீத், ஏழு மண்டலங்களுக்கு எட்டாண்டு ஒப்பந்தத்தோடு. பழைய ஒப்பந்தங்களில் டன் கணக்கில் பணம். எடைமேடையில் லாரி ஏறும், எடை பதிவாகும், அதற்குத் தக்கபடி பில் போகும். பார்க்க நேர்மையான முறையாகத் தெரியும். ஆனால் எடைக்குப் பணம் என்று சொன்ன மறுகணமே, எடை எதிலெல்லாம் ஏறுமோ அதெல்லாம் வண்டியில் ஏற ஆரம்பிக்கும். கட்டட இடிபாடு கனம். தெருவோர மண் கனம். நனைந்த குப்பை உலர்ந்த குப்பையைவிடக் கனம். இடிபாட்டைக் கலந்து எடை கூட்டுகிறார்கள் என்ற புகார் சென்னையில் திரும்பத் திரும்ப வந்தது இதனால்தான். அது ஒரு நிறுவனத்தின் குணத்தால் மட்டும் வந்த புகார் என்று நான் நினைக்கவில்லை. ஒப்பந்தமே அதற்கு வழி திறந்து வைத்திருந்தது.

இதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. 2016இன் திடக்கழிவு மேலாண்மை விதிகள், வீட்டிலேயே குப்பையை மூன்றாகப் பிரிக்கச் சொல்லின: மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் குப்பை. நம் ஊர்களின் குப்பையில் எடையில் ஏறத்தாழ பாதி மக்கும் குப்பை. ஒரு வார்டு மக்கள் அத்தனை பேரும் ஒழுங்காகப் பிரித்து, மக்குவதை அங்கேயே உரமாக்கினால், கொடுங்கையூர், பெருங்குடி குப்பை மேடுகளுக்குப் போகும் எடை பாதியாகிவிடும். டன்னுக்குப் பணம் வாங்கும் நிறுவனத்துக்கு அது வருமானத்தில் பாதி போவதாகும். ஆக, நீங்கள் ஒரு கையால் பிரித்துப் போடுங்கள் என்று வீட்டுக்கு வீடு நோட்டீஸ் கொடுத்துக்கொண்டே, இன்னொரு கையால் பிரிக்காமல் விடுவதற்குப் பணம் கொடுக்கிறீர்கள். வீட்டில் பிரித்துக் கொடுத்த குப்பை ஒரே வண்டியில் ஒன்றாகக் கொட்டப்படுவதைப் பார்த்து மனம் வெறுத்துப்போன இல்லத்தரசிகள் உங்கள் வார்டிலும் இருப்பார்கள். அவர்கள் கோபத்துக்கான காரணம் பல நேரங்களில் ஒப்பந்தத்தின் விலைப் பட்டியலில் இருக்கிறது.

2020இல் சென்னை இந்த முறையை மாற்றி, செயல்திறன் குறியீடுகளை வைத்துப் பணம் என்று கொண்டுவந்தது. எத்தனை வீட்டில் அன்றாடம் குப்பை வாங்கினார்கள், தொட்டிகள் நிரம்பி வழியாமல் இருந்தனவா, எவ்வளவு பிரித்து வாங்கினார்கள் என்பது போன்ற அளவுகள். எடையைவிட இது நல்ல முறை, சந்தேகமில்லை. ஆனால் அளப்பது யார்? நிறுவனத்தின் செயலியும், நிறுவனத்தின் வண்டியில் இருக்கும் ஜி.பி.எஸ். கருவியும், நிறுவனமே தரும் தினசரி அறிக்கையும்தான் ஆதாரம் என்றால், பரீட்சை எழுதியவரே திருத்தி மதிப்பெண் போட்டுக்கொள்கிறார். உங்கள் துப்புரவு ஆய்வாளர்களின் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டு இந்த முறைக்குப் போகாதீர்கள். நிறுவனத்துக்குக் கொடுத்தாயிற்றே, இனி நமக்கு ஆய்வாளர் எதற்கு என்று சொல்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். நிறுவனத்துக்குக் கொடுத்தபின்தான் அதிக ஆய்வாளர் தேவை.

குறியீட்டில் குறைந்தால் அபராதம் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கும். அந்த அபராதம் நிறுவனத்தின் லாபத்தில் பிடிக்கப்படுகிறதா, மேஸ்திரி வழியாகப் பெருக்குபவரின் சம்பளத்தில் இறங்குகிறதா என்று எந்த மன்றமாவது பார்த்ததுண்டா? வண்டி பழுதாகி ஒரு தெருவுக்குப் போகவில்லை என்றால், அது வண்டி வாங்கியவரின் தவறு. அன்றைக்கு அந்த வண்டியை ஓட்டியவரின் கூலியில் கை வைக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுத முடியும். எழுதுங்கள்.

அதிகாரிகள் சொல்லும் காரணங்களையும் நான் கேட்டிருக்கிறேன். அவற்றில் உண்மை இல்லாமலில்லை. நிரந்தரப் பணியாளர் என்றால் ஓய்வூதியச் சுமை. சிலர் காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள், கேட்டால் சங்கத்தைக் கூட்டுகிறார்கள். வண்டிகள் பழுதானால் உதிரிப்பாகம் வாங்க மூன்று மாதம் கோப்பு சுற்றுகிறது. நிறுவனம் என்றால் மறுநாளே சரிசெய்யும். இந்தக் கடைசிக் காரணத்தை நான் ஏற்கிறேன். பெரிய காம்பாக்டர் லாரிகள், மேம்பாலங்களைப் பெருக்கும் இயந்திரங்கள், பழைய குப்பை மேட்டைக் கிளறிப் பிரிக்கும் பயோமைனிங், எரிவாயு ஆலை போன்றவற்றை அந்தத் தொழில் தெரிந்த நிறுவனங்களிடம் கொடுப்பதில் தவறில்லை. அங்கே இயந்திரத் திறனும் முதலீடும் உண்மையிலேயே செலவைக் குறைக்கும்.

மேற்பார்வை பற்றிய காரணத்தை மட்டும் ஏற்க முடியவில்லை. தன் சம்பளப் பட்டியலில் இருக்கும் நூறு பேரைக் காலை ஆறு மணிக்கு நேரில் பார்த்து வேலை வாங்க முடியாத நிர்வாகம், வழக்கறிஞர் பட்டாளத்தோடு வரும் ஒரு நிறுவனத்திடம் எப்படி வேலை வாங்கும்? ஒப்பந்தம் போட்டால் மேற்பார்வை என்ற வேலை மறைவதில்லை, முன்னைவிடக் கடினமாகிறது. முன்பு தெருவைப் பார்த்தால் போதும். இப்போது தெருவையும் பார்க்க வேண்டும், பில்லையும் பார்க்க வேண்டும், வைப்பு நிதி கட்டிய ரசீதையும் பார்க்க வேண்டும்.

ஓய்வூதியச் சுமை என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாற்பது ஆண்டு ஊரின் அழுக்கில் நின்ற உடம்புக்கு அறுபது வயதுக்கு மேல் சாப்பாடு யார் போடுவது என்ற கேள்வி, ஒப்பந்தம் போட்டவுடன் தீர்ந்துவிடுவதில்லை. மன்றத்தின் கணக்குப் புத்தகத்திலிருந்து வெளியேறி, உழைத்து ஓய்ந்த பெண்ணின் மகள் வீட்டுக்குப் போகிறது. அந்த மகளும் துடைப்பம் எடுக்க வேண்டியதாகிறது. இந்த வேலைக்கு யார் வருகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அருந்ததியர் குடியிருப்பும் ஆதிதிராவிடர் குடியிருப்பும் எந்த வார்டில் இருக்கின்றன என்பதும் தெரியும். தலைமுறை தலைமுறையாக இந்தச் சாதிகளின் தலையில் சுமத்தப்பட்ட வேலைக்கு, நிரந்தரம் என்ற ஒன்றுதான் கொஞ்சம் ஈடு செய்தது. வேலை நிரந்தரமான வீட்டில் வங்கிக் கடன் கிடைத்தது. பிள்ளை கல்லூரிக்குப் போனது. பணியில் இறந்தால் வாரிசுக்கு வேலை கிடைத்தது. 2022 அக்டோபரில் வந்த அரசாணை எண் 152, மாநகராட்சிகளின் பணியிடங்களை மறுசீரமைத்தபோது, தூய்மைப் பணியை அவுட்சோர்சிங் பக்கம் நகர்த்தியது. சமூக நீதி பேசும் கட்சிகளின் உறுப்பினர்கள் நீங்கள், ஏறத்தாழ எல்லோருமே. சாதியைத் தாண்டி வர ஒரு குடும்பத்துக்கு இருந்த வாசல் இது என்பதை உங்கள் கட்சிக் கூட்டத்தில் எடுத்துச் சொல்லுங்கள்.

சட்டம் எந்தப் பக்கம் என்று கேட்பீர்கள். இங்கே கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன், ஏனெனில் விஷயம் புதியது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. அவற்றில் பணிப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் பற்றிய தொகுப்பு, 1970இன் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் இடத்தைப் பிடித்திருக்கிறது. ஒரு நிறுவனத்தின் அடிப்படைப் பணியில் ஒப்பந்தத் தொழிலாளர்களை வைக்கக் கூடாது என்கிறது அது. எதெல்லாம் அடிப்படைப் பணி ஆகாது என்று ஒரு பட்டியலும் தருகிறது. பட்டியலில் முதலில் இருப்பது துப்புரவும், பெருக்குவதும், குப்பை சேகரிப்பதும். இதைக் காட்டி, சட்டமே அனுமதித்துவிட்டது என்று உங்களிடம் சொல்வார்கள். ஆனால் அந்தப் பட்டியலுக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது: அந்த நிறுவனம் அந்த வேலைக்காகவே அமைக்கப்பட்டதாக இருக்கக் கூடாது. ஒரு வங்கியில் தரை துடைப்பது வங்கியின் அடிப்படைப் பணி இல்லை. நகராட்சிக்கு? அரசியலமைப்பின் 12ஆவது அட்டவணை, 74ஆவது திருத்தத்தின் மூலம் உள்ளாட்சிகளுக்கு வகுத்துக் கொடுத்த பணிகளில் ஆறாவது, பொதுச் சுகாதாரமும் துப்புரவும் திடக்கழிவு மேலாண்மையும். இதற்காக அமைக்கப்படவில்லை என்றால் நகராட்சி வேறு எதற்காக அமைக்கப்பட்டது?

அந்தச் சட்டத்தில் இன்னொரு விலக்கும் உண்டு. வழக்கமாகவே ஒப்பந்தக்காரர் மூலம் நடந்துவரும் வேலை என்றால் தடை பொருந்தாது. அதாவது, நீங்கள் இன்று எழுப்பும் ஒவ்வொரு கையும் அந்த வழக்கத்தை உண்டாக்குகிறது. நாளை ஒரு தொழிலாளி நீதிமன்றம் போனால், இந்த ஊரில் இது எப்போதுமே ஒப்பந்த வேலைதான் என்று உங்கள் தீர்மானத்தையே சாட்சியாக வைப்பார்கள். உங்கள் மன்ற வழக்கறிஞரிடம் இது பற்றி எழுத்துபூர்வமான கருத்தைக் கேட்டு வாங்குங்கள்.

தொகுப்புச் சட்டத்திலும் பழைய சட்டத்திலும் மாறாத ஒன்று, முதன்மை வேலையளிப்பவரின் பொறுப்பு. ஒப்பந்தக்காரர் சம்பளம் கொடுக்காவிட்டால் மன்றம் கொடுத்துவிட்டு அவரிடம் பிடித்துக்கொள்ள வேண்டும். வைப்பு நிதி கட்டாவிட்டாலும் பொறுப்பு உங்களிடம்தான் வந்து நிற்கும். ஆட்சியர் நிர்ணயித்த தினக்கூலியைக் கேட்டு கோவையிலும் மதுரையிலும் ஒப்பந்தப் பணியாளர்கள் பலமுறை வேலையை நிறுத்தினார்கள். அப்போதெல்லாம் குப்பை தேங்கிய தெருவில் மக்கள் தேடியது நிறுவனத்தின் மேலாளரை இல்லை; உங்களை. 2025 ஆகஸ்டில் சென்னை கண்ணகி நகரில், அதிகாலையில் வேலைக்குப் புறப்பட்ட ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் ஒருவர், தேங்கிய மழைநீரில் பாய்ந்த மின்சாரத்துக்குப் பலியானார். அப்படி ஒரு சாவு நிகழும்போது, அந்தக் குடும்பம் எந்த அலுவலகத்தின் கதவைத் தட்ட வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்க வேண்டும்.

பொறுப்பைத் தட்டிக்கழிக்கப் போட்ட ஒப்பந்தங்கள் கடைசியில் என்ன ஆகின்றன என்பதற்கு மும்பை இருக்கிறது. அங்கே குப்பை அள்ளுபவர்களைத் தன்னார்வலர்கள் என்றும், சேவை அமைப்புகளின் ஆட்கள் என்றும் மாநகராட்சி பல ஆண்டு வாதாடியது. கச்ரா வாஹதூக் ஷ்ரமிக் சங்கம் விடாமல் வழக்கு நடத்தியது. ஒப்பந்தம் வெறும் போர்வை, உண்மையான முதலாளி மாநகராட்சிதான் என்ற தொழில் தீர்ப்பாயத்தின் முடிவை 2017 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2,700 பேரை நிரந்தரமாக்க அதனால் வழி பிறந்தது. சுய உதவிக்குழு என்ற பெயரில் நம் ஊர்களில் பத்துப் பதினைந்து ஆண்டுகளாகத் துடைப்பம் பிடிப்பவர்களின் கதை இதிலிருந்து எவ்வளவு தூரம்?

வேறு வழியே இல்லை என்று சொல்பவர்களுக்குப் பக்கத்து மாநிலத்தைக் காட்டுங்கள். பெங்களூரு மாநகராட்சி 2017இல் இடைத்தரகர்களை விலக்கி, தெரு பெருக்குபவர்களுக்கு நேரடியாக வங்கிக் கணக்கில் சம்பளம் போடத் தொடங்கியது. 2025 மே தினத்தன்று 12,692 பேருக்கு நிரந்தரப் பணி ஆணை கொடுத்தது. ஒப்பந்தத்தில் இருந்து திரும்பி வர முடியும் என்பதற்கு இதைவிட அருகில் உதாரணம் இல்லை. புனேயில் வேறு விதம். குப்பை பொறுக்கி வாழ்ந்த பெண்களின் சங்கம் 1993இல் உருவானது. அதிலிருந்து பிறந்த ஸ்வச் என்ற கூட்டுறவோடு மாநகராட்சி 2008இல் ஒப்பந்தம் போட்டது. வீட்டு வாசலில் குப்பை வாங்கி, சிறு கட்டணம் பெற்று, பிரித்த பொருளை விற்று அவர்கள் வருமானம் ஈட்டுகிறார்கள். அங்கும் கட்டணம் தர மறுக்கும் வீடுகள் உண்டு. சுமை பணியாளர் மேல் விழுகிற குறை உண்டு. இருந்தாலும், ஒப்பந்தம் என்றால் பெருநிறுவனத்தோடுதான் என்று யாரும் விதிக்கவில்லை என்பதை அது காட்டுகிறது. கேரளத்தில் வீடு வீடாகக் கழிவு சேகரிக்கும் ஹரித கர்ம சேனையும் இந்த வகைதான்.

காலம் பற்றிச் சொல்ல வேண்டும். 2022 பிப்ரவரித் தேர்தலில் வென்று வந்த மன்றத்தின் ஆயுள் ஐந்தாண்டு. ஒப்பந்தங்களோ எட்டாண்டு, பத்தாண்டு. உங்களுக்குப் பின் வரும் மன்றத்தின் கைகளையும் சேர்த்துக் கட்டுகிறீர்கள். அந்த எட்டாண்டில் உங்கள் வண்டிகள் துருப்பிடித்து ஏலத்துக்குப் போகும். ஓட்டுநர்கள் ஓய்வு பெறுவார்கள். எந்தச் சந்தில் எத்தனை வீடு, எந்தக் கால்வாய் மழைக்கு முதலில் அடைக்கும், எந்தக் கல்யாண மண்டபத்துக்கு ஞாயிறு காலை இரண்டு நடை வண்டி வேண்டும் என்று தெரிந்த மேஸ்திரிகள் போய்விடுவார்கள். ஒப்பந்தம் முடியும் நாளில் நிறுவனம் விலையை ஏற்றினால், முடியாது என்று சொல்ல உங்களிடம் ஒரு வண்டிகூட இருக்காது. முதல் டெண்டரில் வரும் குறைந்த விலையைப் பார்த்து மகிழும் மன்றங்கள், இரண்டாவது டெண்டரின் விலையையும் யோசிக்க வேண்டும். குறைந்தது மூன்றில் ஒரு பங்கு வார்டுகளையாவது மன்றம் தன் ஆட்களோடு, தன் வண்டிகளோடு நடத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோலும், திரும்பி வர ஒரு பாதையும் அப்போதுதான் மிஞ்சும்.

பேரிடர்க் காலம் இன்னொன்று. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் சென்னையைச் சுத்தம் செய்ய மற்ற மாவட்ட உள்ளாட்சிகளிலிருந்து தூய்மைப் பணியாளர்கள் வண்டி வண்டியாக வந்தார்கள். அழுகிய மெத்தையும் செத்த மாடும் சேறும் நிறைந்த தெருக்களில் இரவு பகலாக வேலை செய்தார்கள். ஓர் அரசு உத்தரவில் அது நடந்தது, ஏனென்றால் அவர்களை அனுப்பும் அதிகாரம் அரசின் கையில் இருந்தது. எல்லா ஊரிலும் எல்லோரும் வெவ்வேறு நிறுவனங்களின் ஆட்களாகிவிட்டால், அடுத்த வெள்ளத்தில் ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவை வைத்து அவர்களை அழைப்பீர்கள்?

இதையெல்லாம் கேட்டபின்பும் உங்கள் மன்றம் தனியாருக்கே கொடுக்க முடிவெடுக்கலாம். பணமில்லை, ஆளெடுக்க அரசு அனுமதி தரவில்லை என்ற நெருக்கடி எனக்குப் புரிகிறது. அப்படியானால் ஒப்பந்தத்தில் சிலவற்றை எழுதாமல் விடாதீர்கள். இப்போது வேலை செய்பவர்கள் அனைவரையும், வயதைக் காரணம் காட்டி ஒருவரையும் விலக்காமல், கடைசியாக வாங்கிய ஊதியத்துக்குக் குறையாமல் நிறுவனம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஊதியத் தொகையை ஏலப் போட்டிக்கு வெளியே வைத்துவிடுங்கள். டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் மிகக் குறைந்த விலைக்காரரைத் தேடச் சொல்கிறது. ஊதியத்தை முன்பே நிர்ணயித்துவிட்டால் நிறுவனங்கள் வண்டியிலும் நிர்வாகத்திலும் மட்டும் போட்டி போடும். ஆண்டுதோறும் விலைவாசியைக் காட்டி ஒப்பந்தத் தொகையை உயர்த்தும் பிரிவு பெரும்பாலும் இருக்கும். அந்த உயர்வில் கூலிக்கான பங்கு அதே மாதம் பணியாளர் கணக்கில் ஏற வேண்டும் என்று எழுதுங்கள். சம்பளமும் வைப்பு நிதியும் போய்ச் சேர்ந்த சான்று இல்லாமல் நிறுவனத்தின் மாத பில்லில் கையெழுத்து விழக் கூடாது. துடைப்பத்தையும் கையுறையையும் பணியாளர் சொந்தக் காசில் வாங்கும் நிலை பல ஊர்களில் இருக்கிறது. அதற்கு இடமில்லாமல் செய்யுங்கள். பெருக்கும் பகுதிக்கு அருகில் பெண்கள் உடை மாற்றவும் கழிப்பறைக்குப் போகவும் ஓர் அறை வேண்டும். தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு. அந்த அறை எதற்கு என்று விளக்கத் தேவையில்லாத உறுப்பினர்கள் ஒவ்வொரு மன்றத்திலும் சரிபாதி இருக்கிறீர்கள்.

கடைசியாக ஒரு நடைமுறை வேண்டுகோள். 2022இல் வந்த விதிகளின்படி உங்கள் வார்டில் வார்டு குழுவும் பகுதி சபையும் உண்டு. தீர்மானம் மன்றத்துக்கு வருவதற்கு ஒரு மாதம் முன்பே, டெண்டர் ஆவணத்தின் முக்கியப் பிரிவுகளைத் தமிழில் அச்சிட்டு அங்கே வையுங்கள். பகுதி சபைக் கூட்டத்துக்கு உங்கள் தெருவைப் பெருக்குபவர்களையும் அழையுங்கள். வேலை நேரத்தில் வைத்தால் அவர்களால் வர முடியாது, பிற்பகலில் வையுங்கள். இப்போது என்ன வாங்குகிறீர்கள், புதிய ஒப்பந்தத்தில் என்ன கிடைக்கும் என்று அவர்கள் முன்னிலையில் ஆணையரைச் சொல்லச் சொல்லுங்கள். அந்த இரண்டு எண்களையும் தீர்மானத்தின் முதல் பத்தியில் சேர்த்த பிறகு வாக்கெடுப்புக்கு விடுங்கள். யார் ஆதரித்தார்கள், யார் எதிர்த்தார்கள் என்று பெயர் பெயராகப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்களுக்கு வாக்களித்த ஊர்க்காரர்களில் ஒருவர்